பண்ணைக்காட்டு ஒயர்க் கணக்கு

வத்தலக்குண்டு தாண்டிக் காட் ரோட்டில் பஸ் ஏறத் தொடங்கியதும் ஜன்னல் கண்ணாடியைச் சாத்தச் சொல்லிக் குரல்கள் எழுந்தன. டம்டம் பாறை வளைவில் எதிர்மலையின் தலையாறு அருவி தெளிவாகத் தெரிந்தது. 297 மீட்டர் உயரத்திலிருந்து விழும் மெல்லிய வெள்ளைக் கோடு அது. எலிவால் அருவி என்றும் சொல்வார்கள். வடகிழக்குப் பருவமழை அப்போதுதான் ஓய்ந்திருந்தது. ஊத்தில் நான் இறங்கிக்கொள்ள, சுற்றுலாக் கூட்டத்தைச் சுமந்துகொண்டு பஸ் கொடைக்கானலுக்குப் போனது. ஊத்திலிருந்து பிரியும் சாலைதான் பண்ணைக்காட்டுக்கும் தாண்டிக்குடிக்கும் போவது.

கீழ்ப்பழனி மலையின் இந்தப் பக்கத்துக்கு ஏரியும் படகும் பார்க்க யாரும் வருவதில்லை. சில்வர் ஓக், பலா நிழலில் காபி, அந்த மரங்களிலேயே ஏறிய மிளகுக்கொடி, இடையிடையே ஆரஞ்சும் அவகாடோவும், சரிவுகளில் மலை வாழை. பழனிப் பஞ்சாமிர்தத்துக்குப் போகும் விருப்பாச்சி வாழை விளைவது இந்த மலைத்தொடரில்தான். பஞ்சாமிர்தத்துக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. வாழைக்கு அதற்கும் முன்பே கிடைத்துவிட்டது. நான் போனது காபிப் பழம் பறிக்கும் பருவம். பழத்தோலை உரிக்கும் பல்பர் ஓடும் தோட்டங்களைக் கடக்கும்போதெல்லாம் புளித்த பழத்தோலின் வாடை வந்துகொண்டே இருந்தது.

என் பையில் சால்டரிங் அயர்ன், மல்டிமீட்டர், அளவு டேப், டி வடிவ கனெக்டர்கள் இருந்தன. ஒயர் இல்லை. இடத்தைப் பார்க்காமல் நான் ஒயர் வாங்குவதில்லை. பழைய கம்ப்யூட்டர்களுக்கும் அவற்றோடு சேர்ந்த பிரிண்டர், எடைக்கருவி போன்றவற்றுக்கும் வைத்தியம் பார்ப்பது என் தொழில். இந்தத் தொழிலில் கெட்டுப்போன சிப்பைவிடத் தவறான ஒயரால் வந்த தொல்லைகளைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

என்னை வரச்சொன்னவர் பட்டிவீரன்பட்டியில் வீடும் பண்ணைக்காட்டில் தோட்டமும் உள்ளவர். தன் தோட்டத்துக் காபியோடு, சுற்றியுள்ள சிறு விவசாயிகள் கொண்டுவரும் பார்ச்மென்டையும் (பழத்தோல் நீக்கி உலர்த்திய காபிக் கொட்டை) எடைபோட்டு வாங்குகிறார். ஆபீஸ் அறையில் ஒரு பழைய கம்ப்யூட்டர், அதில் டாஸில் ஓடும் ஃபாக்ஸ்ப்ரோ கணக்கு, பக்கத்தில் டிவிஎஸ் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர். மூட்டை எடைமேடையில் ஏறியதும் எடை நேராகக் கம்ப்யூட்டருக்கு வந்து, மூன்று தாள் ரசீதாக அச்சாகும். ஒன்று விவசாயிக்கு, ஒன்று ஆபீசுக்கு, ஒன்று லாரிக்கு. ஊசி தட்டி அச்சடிக்கும் எந்திரம் மட்டுமே ஒரே அடியில் மூன்று தாளிலும் எழுத்தை இறக்கும். லேசர் பிரிண்டரால் அது முடியாது. மலை ஈரத்தில் தாள் கொஞ்சம் நமுத்திருந்தாலும் டாட் மேட்ரிக்ஸ் இழுத்துக்கொள்ளும். ரிப்பன் விலையும் கையைக் கடிக்காது. அவர் அதை வைத்திருப்பது பழமையின் மேல் உள்ள பிரியத்தால் அல்ல, வேலைக்கு அதுதான் சரி என்பதால். எனக்கு அவரைப் பிடித்துப்போனதற்கு அதுவே முதல் காரணம்.

சிக்கல் இடமாற்றத்தால் வந்தது. காபி காயவைக்கும் களத்தின் மறுமுனையில் புது ஷெட் கட்டி, எடைமேடையை அங்கே கொண்டுபோய்விட்டார்கள். கம்ப்யூட்டர் இருப்பது களத்தின் இந்த முனையில், பழைய ஓட்டுக் கட்டடத்தில். நடுவில் வெயிலும் காபியும்.

"நல்ல கனமான ஒயரா வாங்கி வச்சிட்டேன் தம்பி. நீங்க மாட்டிவிட்டாப் போதும்" என்றார். வீட்டு மின்சாரத்துக்கு இழுக்கும் தடித்த ஒயர் ஒரு சுருள், பத்து மீட்டர் பிரிண்டர் கேபிள் ஒன்று, லேன் கேபிள் ஒரு பெட்டி. மூன்றையும் மேஜைமேல் வைத்தார்.

"முதல்ல களத்தை ஒரு சுத்து நடந்து பாத்துருவோம்ணே" என்றேன்.

டேப்பின் ஒரு முனையை அவர் மகன் பிடிக்க, ஒயர் உண்மையில் போகப்போகும் வழியில் அளந்தோம். நேர்க்கோட்டில் 31 மீட்டர். ஆனால் ஒயர் நேர்க்கோட்டில் போகாது. ஷெட்டின் சுவரில் இறங்கி, களத்தின் ஓரமாக வளைந்து, ஆபீஸ் சுவரில் ஏறி, ஜன்னல் சட்டத்தைச் சுற்றி மேஜைக்கு வர வேண்டும். இரண்டு முனையிலும் கழற்றி மாட்டக் கொஞ்சம் தொய்வும் வேண்டும். எல்லாம் சேர்த்து 43 மீட்டர்.

அந்த 43 மீட்டரை எங்கே வைப்பது? எடைமேடையிலிருந்து ரசீது வரை மூன்று துண்டு ஒயர் இருக்கிறது. மேடைக்கு அடியில் எடையை உணரும் லோடு செல்லிலிருந்து எண் காட்டும் இண்டிகேட்டர் பெட்டி வரை ஒன்று. இண்டிகேட்டரிலிருந்து கம்ப்யூட்டர் வரை ஒன்று. கம்ப்யூட்டரிலிருந்து பிரிண்டர் வரை ஒன்று. தூரத்தை இந்த மூன்றில் எதன் தலையில் ஏற்றுகிறோம் என்பதிலேயே பாதி வேலை முடிந்துவிடும்.

இண்டிகேட்டரை ஆபீஸ் மேஜையில் வைத்துக்கொண்டு லோடு செல் ஒயரை நீட்டலாம் என்பது அவர் எண்ணம். எடையைக் கண்முன்னே பார்க்கும் ஆசை, புரிந்துகொள்ளக்கூடியதுதான். ஆனால் மூன்றிலும் தூரத்தைத் தாங்கவே முடியாத துண்டு அதுதான். லோடு செல்லுக்குள் இருப்பது பொதுவாக 350 ஓம் எதிர்ப்புள்ள பிரிட்ஜ். பத்து வோல்ட் கொடுத்தால் முழு எடைக்கும் அது திருப்பித் தருவது சுமார் 20 மில்லிவோல்ட். அந்த நூலளவு வோல்டேஜில்தான் ஐம்பது கிலோ மூட்டையின் எடை ஒளிந்திருக்கிறது. 24 கேஜ் செம்புக் கம்பிக்கு மீட்டருக்கு 0.084 ஓம் எதிர்ப்பு. போகவும் வரவும் ஐம்பது ஐம்பது மீட்டர் என்று வைத்தால் 8.4 ஓம். பிரிட்ஜுக்குப் போய்ச் சேரும் வோல்டேஜ் இதனால் 2.3 சதவீதம் குறையும். ஐம்பது கிலோ மூட்டையில் ஒரு கிலோவுக்கு மேல் காணாமல்போகும்.

மறுபடி எடைக்கல் வைத்துச் சரிசெய்துவிட்டால்? அன்றைக்குச் சரியாகும். செம்பின் எதிர்ப்பு சூட்டில் ஏறும், ஒரு டிகிரிக்குச் சுமார் 0.39 சதவீதம். பண்ணைக்காட்டுக் களத்தில் விடிகாலைக் குளிருக்கும் உச்சி வெயிலுக்கும் நடுவில் கிடக்கும் ஒயர் இருபது டிகிரி மாறினால், அதே மூட்டை காலையில் ஒரு எடையும் மதியம் தொண்ணூறு கிராம் குறைவாகவும் காட்டும். விவசாயியின் கண்முன் நடக்கும் தவறு அது. ஆறு கம்பி வைத்து, அதில் இரண்டைக்கொண்டு பிரிட்ஜுக்குப் போய்ச் சேர்ந்த வோல்டேஜை அளந்து ஈடுகட்டும் முறை உண்டு. அவருடைய லோடு செல் நான்கு கம்பி வகை. அந்த வகையில் கம்பெனி கொடுத்த ஒயர் நீளத்தையும் சேர்த்தே அளவு பொருத்தப்பட்டிருக்கும், வெட்டவும் கூடாது, ஒட்டவும் கூடாது. தவிர, எடைக்கருவியில் சட்டமுறை எடையளவு முத்திரை இருக்கிறது. அதைப் பிரித்து வேலை பார்க்கும் உரிமை எனக்கு இல்லை. இண்டிகேட்டர் மேடைக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும் என்றேன். மூட்டை வைப்பவரும் எடையை நேரில் பார்ப்பார் என்றதும் அவர் உடனே ஒப்புக்கொண்டார்.

அடுத்து பிரிண்டர். ரசீது வாங்கும் ஜன்னலோரம் பிரிண்டர் இருந்தால் வசதி என்றுதான் பத்து மீட்டர் கேபிள் வாங்கியிருந்தார். 1970இல் சென்ட்ரானிக்ஸ் கம்பெனி தன் 101 மாடல் பிரிண்டருக்காக வகுத்த இணைப்பு முறைதான் இந்தக் கேபிளுடையது. அந்த 36 கால் கனெக்டரைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம், தாய் நிறுவனமான வாங் லேபரட்டரீஸிடம் அப்படிப்பட்டவை இருபதாயிரம் மிச்சம் கிடந்ததுதான் என்று சொல்வார்கள். எட்டு கம்பிகளில் எட்டு பிட்டும் ஒரே நேரத்தில் போகும். 'இப்போது படித்துக்கொள்' என்று ஸ்ட்ரோப் கம்பியில் அரை மைக்ரோசெகண்ட் அளவுக்கு ஒரு துடிப்பு. வெறும் ஐந்து வோல்ட் லாஜிக். கேபிள் நீண்டால் பக்கத்துக் கம்பிகளின் அதிர்வு ஸ்ட்ரோப்பில் ஏறி, ஒரு எழுத்து இரண்டாகவோ வேறாகவோ அச்சாகும். சாதாரண கேபிளுக்கு இரண்டு, மிஞ்சிப்போனால் மூன்று மீட்டர்தான் எல்லை.

பத்து மீட்டருக்கும் ஒரு தரம் இருக்கிறது. 1994இல் வந்த ஐஇஇஇ 1284. அதன்படி செய்த கேபிளில் ஒவ்வொரு சிக்னல் கம்பியும் தனக்கென்று ஒரு கிரவுண்டு கம்பியோடு முறுக்கப்பட்டிருக்கும், மேலே பின்னிய உறையும் அதற்குள் தகடும் இருக்கும். உறைமீதே அந்த எண்ணை அச்சடித்திருப்பார்கள். அவர் வாங்கிவந்ததில் எண்ணும் இல்லை, எடையும் இல்லை. கனெக்டர் மூடியைக் கழற்றிப் பார்த்தேன். எல்லாக் கிரவுண்டுக்கும் சேர்த்து ஒரே ஒரு கம்பி. ஒரு மீட்டர் நீளத்துக்கு வேண்டுமானால் அது போதும்.

நல்ல கேபிள் வரவழைத்திருக்கலாம். ஆனால் மேஜையை நகர்த்துவது அதைவிடச் சுலபம். கம்ப்யூட்டரும் பிரிண்டரும் சேர்ந்து ஜன்னலோரம் போயின. பழைய 1.8 மீட்டர் கேபிளே எட்டியது. கேபிளை நீட்டும் முன் மேஜையை நகர்த்த முடியுமா என்று யாரும் கேட்பதில்லை. பாதி இடங்களில் முடியும்.

பழைய சாதனங்கள் எல்லாவற்றுக்கும் இப்படி ஒரு எல்லை உண்டு. ஐடிஇ ரிப்பனுக்கு 46 சென்டிமீட்டர். ஸ்கஸிக்கு ஆறு மீட்டர், வேகம் கூடினால் மூன்று. ஆப்பிளின் பழைய கீபோர்டு, மவுஸ் வரிசைக்கு மொத்தம் ஐந்து மீட்டர். பழைய கோஆக்ஸ் நெட்வொர்க்குக்கு 185 மீட்டர். அதற்கு 50 ஓம் ஆர்ஜி-58தான் வேண்டும், கேபிள் டிவிக்காரரிடம் கிடைக்கும் 75 ஓம் ஒயர் பார்க்க அதே மாதிரி இருந்தாலும் உதவாது.

மிச்சம் இருந்தது நடுத்துண்டு. இண்டிகேட்டரின் பின்பக்கத்தில் ஆர்எஸ்-232 சீரியல் போர்ட். வேகம் 9600 பாட். இந்தப் போர்ட்டுக்கு ஐம்பது அடி, அதாவது பதினைந்து மீட்டர்தான் எல்லை என்று எல்லாருமே சொல்வார்கள். 1969ஆம் ஆண்டின் சி பதிப்பு அப்படிப் பரிந்துரைத்தது உண்மை. பிந்தைய பதிப்புகள் அடிக்கணக்கை விட்டுவிட்டு, கம்பியின் மின்தேக்கம் 2500 பிகோஃபாரடைத் தாண்டக்கூடாது என்று மாற்றிக்கொண்டன. உண்மையான எல்லை அதுதான். சிக்னல் ஒவ்வொரு முறை மேலே ஏறும்போதும் கம்பி என்ற குடத்தை நிரப்பிவிட்டுத்தான் மறுமுனையில் தெரியும். நீளம் கூடக்கூடக் குடம் பெரிதாகும்.

இது கம்ப்யூட்டரைவிட மிகப் பழைய கதை. 1858இல் அட்லாண்டிக்கின் அடியில் போட்ட முதல் தந்திக் கேபிளில் செய்தி மங்கி மங்கி வந்தபோது, வைல்ட்மன் வைட்ஹவுஸ் சுமார் இரண்டாயிரம் வோல்ட் கொடுத்துத் தள்ளப் பார்த்தார். கேபிள் சில வாரங்களில் செத்தது. வில்லியம் தாம்சன் அதற்கு முன்பே கணக்குப் போட்டுச் சொல்லியிருந்தார்: நீளம் இரட்டித்தால் தாமதம் நான்கு மடங்காகும், செம்பையும் தடிமனாக்கு, மேலுள்ள காப்பையும் தடிமனாக்கு. சென்னையிலிருந்து பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் 1870களின் தொடக்கத்தில் கடலடிக் கேபிள் போனது அந்தப் பாடத்தைப் படித்த பிறகுதான்.

அண்ணன் வாங்கிய தடித்த ஒயர் இங்கே ஏன் பயன்படாது என்பதும் இதிலேயே இருக்கிறது. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கடலடியில் செம்பின் தடிமன் முக்கியம். 43 மீட்டரில் 24 கேஜ் மெல்லிய கம்பிக்கே எதிர்ப்பு நான்கு ஓம்கூட வராது. மறுமுனையில் சிக்னலை வாங்கும் சுற்றின் எதிர்ப்போ மூவாயிரம் முதல் ஏழாயிரம் ஓம் வரை. இந்த நான்கை இரண்டாக்கி என்ன லாபம்? தடிமன் பவர் கொண்டுபோகும் கம்பிக்கு. சிக்னல் கொண்டுபோகும் கம்பிக்கு மின்தேக்கமும் முறுக்கும். கடையில் கிடைக்கும் சாதாரண உறையிட்ட பல கம்பிக் கேபிள் மீட்டருக்கு 150 பிகோஃபாரட் வாக்கில் இருக்கும். 43 மீட்டருக்கு 6450 ஆகிவிடும். லேன் கேபிளில் ஒரு ஜோடிக்கு மீட்டருக்குச் சுமார் 50. 43 மீட்டருக்கு 2150. எல்லைக்குள் வந்துவிட்டது. நீலத்தில் அனுப்பும் கம்பி, நீல-வெள்ளையில் கிரவுண்டு. ஆரஞ்சில் வாங்கும் கம்பி, ஆரஞ்சு-வெள்ளையில் கிரவுண்டு. அனுப்புவதையும் வாங்குவதையும் ஒரே ஜோடியில் முறுக்கினால் ஒன்றின் பேச்சு மற்றதில் கேட்கும்.

பெட்டியிலிருந்த லேன் கேபிளின் ஒரு கம்பியைப் பிளேடால் சுரண்டினேன். செம்பு நிறம் போய் உள்ளே வெள்ளை தெரிந்தது. அலுமினியக் கம்பிமேல் செம்புப் பூச்சு. சந்தையில் மலிவாகக் கிடைக்கும் லேன் கேபிள்களில் இது ஏராளம், பெட்டியில் பல நேரம் சொல்லியிருக்க மாட்டார்கள். இரண்டு தடவை வளைத்தால் முறியும். சால்டர் ஒழுங்காகப் பிடிக்காது. பூச்சு கீறிய இடத்தில் மலை ஈரம் பட்டால் அரித்துக்கொண்டே போகும். காபித் தோட்டத்தில் மழைமாதம் முழுவதும் ஈரம்தான். கடைக்காரர்மேல் அவருக்குக் கோபம் வந்தது. எனக்கு அந்தத் தொழிலின்மேலேயே வருத்தம். செம்பு என்று நம்பிக் காசு கொடுப்பவர் பெரும்பாலும் பிளேடு கொண்டுபோவதில்லை. திண்டுக்கல்லுக்கு ஆள் அனுப்பி, முழுச் செம்பில் வெளிப்புறத்துக்கான கறுப்பு உறை கேபிள் வரவழைத்தோம்.

கேபிள் வரும்வரை மல்டிமீட்டரை எடுத்து இன்னொன்றை அளந்தேன். எடை ஷெட்டின் எர்த்துக்கும் ஆபீஸ் எர்த்துக்கும் நடுவே எவ்வளவு வோல்டேஜ்? பல்பர் மோட்டார் ஓடாதபோது ஒன்றுமில்லை. ஓடத் தொடங்கியதும் முள் சில வோல்ட் காட்டியது. ஆர்எஸ்-232இல் சிக்னலை வாங்கும் சுற்று மூன்று வோல்ட்டுக்கு மேல் கீழ் என்று பார்த்துத்தான் ஒன்றா பூஜ்யமா என்று முடிவுசெய்கிறது. அந்த முடிவுக்கு அடிப்படையே இரண்டு பக்கத்துக்கும் பொதுவான கிரவுண்டு. அந்தக் கிரவுண்டே ஆடினால்? பக்கத்தில் இடி விழுந்தால் ஆயிரக்கணக்கான வோல்ட் ஆடும். ஏப்ரல், மே கோடை மழையிலும் ஐப்பசி மழையிலும் இந்த மலையில் இடிக்குக் குறைவில்லை. போன வருஷம் இரண்டு தடவை சீரியல் போர்ட் கருகியதை அவர் அப்போதுதான் சொன்னார். அன்றைக்குப் பழைய இடத்தில் இருந்த ஒயரின் நீளம் வெறும் பன்னிரண்டு மீட்டர். எல்லைக்குள் இருந்தும் கருகியிருக்கிறது, இரண்டு கட்டடத்துக்கும் வேறு வேறு எர்த் என்பதால்.

எனவே மின்தேக்கக் கணக்கு இடம் கொடுத்தும் ஆர்எஸ்-232ஐ நான் களத்தைக் கடக்க விடவில்லை. இரண்டு முனையிலும் ஆர்எஸ்-485 கன்வெர்ட்டர், ஒளியால் பிரித்த வகை. உள்ளே சிக்னல் ஒரு சின்ன விளக்கிலிருந்து ஒளி உணரிக்குத் தாவும். இரண்டு கட்டடத்து எர்த்துகளுக்கும் நடுவே செம்பால் ஆன தொடர்பே இருக்காது. இந்த முறையில் ஒரு ஜோடியின் இரண்டு கம்பிகளுக்கு இடையிலுள்ள வித்தியாசம்தான் செய்தி. மோட்டாரின் மின் இரைச்சல் இரண்டிலும் ஒரே அளவில் ஏறுவதால் கழிந்துபோகும். கம்பி முறுக்கியிருப்பதன் முழுப் பயன் இங்கேதான் கிடைக்கிறது. குறைந்த வேகத்தில் 1200 மீட்டர் வரை போகும். 43 மீட்டருக்கும் 9600 பாடுக்கும் முனையில் வைக்கும் 120 ஓம் ரெசிஸ்டர்கூடத் தேவைப்படவில்லை.

ஒயரை பிவிசி குழாய்க்குள் விட்டுக் களத்தின் ஓரத்தில் புதைத்தோம், எலிக்காகவும் மண்வெட்டிக்காகவும். பல்பர் மோட்டாரின் பவர் ஒயரை ஓரிடத்தில் கடக்க வேண்டியிருந்தது. அங்கே செங்குத்தாகக் கடக்கவிட்டேன், கூடவே ஓடவிடவில்லை. குழாய்க்குள் ஒற்றைக் கம்பி வகை. அது அசையாமல் கிடப்பதற்கு ஏற்றது. இரண்டு முனையிலும் மேஜைக்கு வரும் கடைசி ஒரு மீட்டருக்குப் பல இழை ஒயர், ஏனென்றால் கூட்டிப் பெருக்கும்போது அதை யாராவது தினமும் அசைப்பார்கள். ஒற்றைக் கம்பி அந்த அசைவில் சில மாதங்களில் முறிந்துபோகும்.

முத்திரையிட்ட எடைக்கற்களை ஏற்றிப் பார்த்தோம். இண்டிகேட்டரில் வந்த எண்ணே திரையிலும் வந்தது. பல்பரை ஓடவிட்டுப் பார்த்தோம். டீசல் ஜெனரேட்டருக்கு மாற்றிப் பார்த்தோம். பிரிண்டர் மூன்று தாளிலும் தட்டித் தள்ளியது. மூட்டை இறக்கிய அக்கா ஒருவர் ரசீதை வாங்கி, இண்டிகேட்டரில் பார்த்த எண்ணோடு ஒத்துப்பார்த்துவிட்டு மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

கம்பி நிறங்கள், கனெக்டர் கால் எண்கள், 43 மீட்டர், 9600 பாட் எல்லாவற்றையும் ஒரு அட்டையில் எழுதி அலமாரிக் கதவின் உட்பக்கம் ஒட்டினேன். உபரியாக ஒரு கன்வெர்ட்டர் வாங்கி வைக்கச் சொன்னேன். இடி கேட்கத் தொடங்கினால் இரண்டு முனையையும் கழற்றிவிடவும் சொன்னேன். நேராக விழும் இடிக்கு எந்தப் பெட்டியும் ஈடுகொடுக்காது.

திரும்பும் வழிக்கு ஊத்தைத் தவிர்த்துத் தாண்டிக்குடி, தடியன்குடிசை, பெரும்பாறை வழியாகப் பட்டிவீரன்பட்டிக்கு இறங்கும் பஸ்ஸைப் பிடித்தேன். தாண்டிக்குடியில் ஏறிய மிளகு வியாபாரி ஒருவர், நான் பண்ணைக்காட்டில் வேலை செய்ததை எப்படியோ கேள்விப்பட்டிருந்தார். அவருடைய எடைமேடை ஓடைக்கு அந்தப் பக்கம், ஆபீஸ் இந்தப் பக்கம். முந்நூறு மீட்டராவது இருக்குமாம். எத்தனை கிலோ ஒயர் வாங்கட்டும் என்று கேட்டார். ஓடையை ஒயர் எந்த இடத்தில் கடக்கும், அங்கே மரமா கம்பமா, இரண்டு பக்கமும் தனித்தனி எர்த்தா என்று நான் கேட்கக் கேட்க, பஸ் டிக்கெட்டின் பின்பக்கத்தில் அவர் படம் வரையத் தொடங்கினார்.